இரவில் வடித்த சோறும் இரண்டு கடிகாரங்களும்

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் பொழுது சீக்கிரம் விடிந்துவிடும். ஆறு மணிக்கெல்லாம் பை தொங்கும் தோள்கள் தெருவில் இறங்கிவிடுகின்றன. சிலர் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு. சிலர் மின்தொடர் வண்டி பிடித்து, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் தாண்டிப் பட்டரவாக்கத்தில் இறங்கி, 1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளுக்கு. ஒவ்வொரு பையிலும் ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கும். பகல் பன்னிரண்டரைக்குத் திறக்கப்போகும் அந்த டப்பாவுக்குள் அதுவரை என்ன நடக்கிறது? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அண்டை வீட்டுப் பெண். அவளுடைய தந்தை பட்டறையில் கடைசல் எந்திரம் ஓட்டுபவர். ஐந்தாறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். தாயும் வேலைக்குப் போகிறவர். காலையில் உலை வைக்க நேரமில்லை. எனவே இரவு ஒன்பது மணிக்குச் சோறு வடித்து வைத்துவிடுவார்கள். "ஆறிப்போன சோற்றில் சர்க்கரை குறையும்" என்று அந்த அம்மாள் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். ஆகவே நேரமின்மையே நன்மையாகவும் போயிற்று என்று நினைத்து, பெரிய குண்டான் நிறையச் சோற்றை மூடி, அடுப்பங்கரை மேடையிலேயே விடிய விடிய ஆறவிட்டார்.

ஒரு வைகாசி நாளில் தந்தை டப்பாவைத் திறந்தபோது சோறு ஊசிப்போயிருந்தது. விரலில் எடுத்தால் நூல் விட்டது. கொட்டிவிட்டு, ஒரு நாள் பட்டினிதானே என்று எந்திரத்துக்குத் திரும்பிவிட்டார். ஆனால் காலையில் மாத்திரை போட்டிருந்தார். மூன்று மணிக்குக் கை நடுங்கியது, உடல் வியர்த்துக் கொட்டியது, கண் இருண்டது. சுழலும் எந்திரத்தின் முன் நிற்கும் ஒருவருக்கு இது எத்தகைய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. உடன் வேலை செய்தவர்கள் சர்க்கரை கூட்டிய தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

"சார், சோறு ஆறினால் நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள் அந்தப் பெண். நல்லதும் நடக்கிறது, கெட்டதும் நடக்கிறது. ஒரே சோற்றுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று மாவுச்சத்தின் கடிகாரம். மற்றொன்று நுண்ணுயிர்களின் கடிகாரம். எது முந்துகிறது என்பதைப் பெரும்பாலும் பாத்திரத்தின் ஆழமே தீர்மானிக்கிறது!

மாவுச்சத்தின் கடிகாரம்

முதலில் நல்ல செய்தி. அரிசியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட சரங்களால் ஆனது. நேரான சரத்துக்கு அமைலோஸ் என்றும், கிளை விட்ட சரத்துக்கு அமைலோபெக்டின் என்றும் பெயர். பச்சை அரிசி மணியில் இந்தச் சரங்கள் இறுக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. உலையில் 70 டிகிரி செல்சியஸ் அளவில் நீர் உள்ளே புகுந்து அடுக்கைக் குலைத்துவிடுகிறது. மணி பருத்து மென்மையாகிறது. நம் குடலில் உள்ள நொதிகளுக்கு இப்படிக் குலைந்த சரங்களை வெட்டுவது மிக எளிது. அதனால்தான் சுடுசோறு விரைவில் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் ஏறுகிறது.

சோறு குளிரும்போது சரங்கள் மீண்டும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து படிகமாகின்றன. நேற்றைய இட்லி ஏன் விறைக்கிறது, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த இடியாப்பம் ஏன் கடினமாகிறது என்பதற்கு விடை இதுதான். இப்படி மீண்டும் அடுக்கிக்கொண்ட சரங்களில் ஒரு பகுதியை நொதிகளால் வெட்ட முடிவதில்லை. அது சீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. 1982-இல் ஹான்ஸ் எங்லிஸ்ட் என்ற ஆய்வாளர் இதற்கு 'எதிர்ப்பு மாவுச்சத்து' என்று பொருள்படும் பெயரை இட்டார். சோற்றைத் திரும்பச் சூடாக்கினால் என்ன ஆகும்? அமைலோபெக்டின் படிகங்கள் 60 டிகிரி வாக்கில் உருகிவிடுகின்றன. சோறு மறுபடி மென்மையாகிறது. அமைலோஸ் படிகங்களோ 100 டிகிரிக்கும் மேலே போனால்தான் உருகும். ஆகவே அவை சூட்டைத் தாங்கி நிற்கின்றன.

இப்போது அளவைப் பார்ப்போம். அளவு தெரியாமல் எந்த அறிவியல் செய்தியையும் நம்பக்கூடாது. 2015-இல் இந்தோனேசியாவில் நடந்த ஓர் ஆய்வில், புதிதாக வடித்த 100 கிராம் சோற்றில் 0.64 கிராம் எதிர்ப்பு மாவுச்சத்து இருந்தது. 4 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துத் திரும்பச் சூடாக்கியபோது அது 1.65 கிராம் ஆயிற்று. இரண்டரை மடங்கு என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். ஒரு கிராம் என்று சொன்னால்? ஒருவர் 200 கிராம் சோறு உண்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 56 கிராம் மாவுச்சத்து. குளிர வைத்ததால் அதில் 2 கிராம் தப்பியது. அதே தட்டிலிருந்து ஒரு கரண்டிச் சோற்றை, அதாவது 60 கிராமை, எடுத்துவிட்டால் 17 கிராம் குறைந்துவிடுகிறது!

இந்தக் கணக்கோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அதே ஆய்வில் 15 பேர் அந்தச் சோற்றை உண்டார்கள். உண்டபின் இரத்தச் சர்க்கரை ஏறி இறங்குவதை வரைபடமாக வரைந்து, வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கணக்கிட்டார்கள். (கணித வகுப்பில் பரப்பளவு எதற்கு என்று கேட்பவர்கள் கவனிக்க: 1981-இல் கனடாவின் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வகுத்த 'சர்க்கரை உயர்வுக் குறியீடு' என்பதே இத்தகைய இரு பரப்புகளின் விகிதந்தான்.) புதுச் சோற்றுக்கு 152, குளிர்ந்து சூடான சோற்றுக்கு 125. எதிர்பார்த்ததைவிட நல்ல குறைவு. வெட்டுப்படும் மாவுச்சத்தும் சற்று மெதுவாக வெட்டுப்படுகிறது என்று கொள்ளலாம். எனினும் அவர்கள் அனைவரும் நோயற்றவர்கள். ஆளுக்கு ஆள் வேறுபாடும் மிகுதி.

அதே 2015-இல் கொழும்பிலிருந்து ஒரு செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. அங்குள்ள வேதியியல் அறிவியல் கல்லூரி மாணவர் சுதேர் ஜேம்ஸ், தம் ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவுடன் 38 வகை இலங்கை அரிசிகளை ஆராய்ந்தார். கொதிநீரில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டு அரிசியை வேகவைத்து, 12 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் எதிர்ப்பு மாவுச்சத்து கூடுகிறது என்பது அவர்கள் அமெரிக்க வேதியியல் கழகத்தின் கூட்டத்தில் அறிவித்த முடிவு. ஒரு கல்லூரி மாணவர் செய்த வேலை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அது ஆய்வுக்கூடத்துச் சோற்றில் அளந்தது. மனிதர்களிடம் சோதிப்பது அடுத்த கட்டம் என்று அவர்களே கூறினார்கள். செய்தி வாய்வழியாகக் கோவில்பதாகை அடுப்பங்கரைக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பகுதி உதிர்ந்துவிட்டது. 'குளிர்சாதனப் பெட்டியில்' என்ற சொல்லும் உதிர்ந்துவிட்டது. கேடு அங்கேதான் நுழைந்தது.

இன்னோர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022-இல் போலந்தில், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் முதல் வகை நீரிழிவு நோயாளிகள் 32 பேரிடம் இதே சோற்றைச் சோதித்தார்கள். சர்க்கரை உயர்வு குறைந்தது உண்மை. ஆனால் வழக்கமான இன்சுலின் அளவோடு குளிர்ந்த சோற்றை உண்டவர்களில் பலருக்குச் சர்க்கரை தாழ்நிலைக்கே இறங்கிவிட்டது. மருந்தும் உணவும் தராசின் இரு தட்டுகள். ஒன்றை மட்டும் மாற்றுவது கூடாது. மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

நுண்ணுயிர்களின் கடிகாரம்

மண்ணிலும் நெல்லிலும் இயல்பாகவே வாழும் ஒரு பாக்டீரியாவுக்குப் பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். உலையில் அரிசி கொதிக்கும்போது அது சாகிறது. ஆனால் அதன் வித்துகள் சாவதில்லை. தடித்த உறைக்குள் உறங்கிக் கொதிநிலையையும் கடந்துவிடும். சோறு 50 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வித்து முளைக்கிறது. 30 முதல் 37 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். 5 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய முடங்கிவிடும். 60 டிகிரிக்கு மேலே வளராது.

அரை மணிக்கு ஒரு முறை அது இரட்டிப்பதாகக் கொள்வோம். ஒரு கிராம் சோற்றில் பத்தே பத்து இருந்தாலும், 8 மணி நேரத்தில் 16 முறை இரட்டித்து 6,55,360 ஆகிவிடும். ஒரு கிராமுக்கு ஒரு லட்சம் என்பதே அஞ்சத்தக்க அளவு. இவற்றுள் சில இனங்கள் சோற்றில் வளரும்போதே செரியுலைட் என்ற நஞ்சைக் கக்குகின்றன. உண்டவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தி. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், சோற்றை மொத்தமாக வடித்து வெளியே வைத்திருந்து மறுநாள் வறுத்துக் கொடுத்த உணவகங்களில் உண்டவர்கள் பலர் நோயுற்றபோதுதான் இது தெளிவாயிற்று. வறுத்தும் ஏன் பயனில்லை? சூட்டில் பாக்டீரியா சாகும், நஞ்சு சாகாது. "காலையில் ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்" என்பது இந்த நஞ்சிடம் செல்லாது.

ஊசிப்போன வாடை வந்தால் நாம் கொட்டிவிடுகிறோம். அது நல்லது. ஆனால் இந்த நஞ்சுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. அந்தத் தந்தையின் மூக்கு அன்று அவரை ஒரு தீங்கிலிருந்து காத்தது; எல்லா நாளும் காக்கும் என்று சொல்ல முடியாது.

"பழைய சோறும் இரவெல்லாம் வெளியில்தானே இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அங்கே சோறு ஆறியபின் நீர் ஊற்றுகிறோம். நீரில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு பெருகிப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பில் மற்றவை தழைப்பது கடினம். புளியோதரை கட்டுச்சோறாக ஊர்ப்பயணம் போனதற்கும் புளியின் அமிலமும், உப்பும், எண்ணெயும், குறைந்த ஈரமுமே காரணம். வெறும் வெள்ளைச் சோற்றுக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது.

குண்டான் ஏன் தோற்றது?

இனி இயற்பியல். 1701-இல் நியூட்டன் வெளியிட்ட குளிர்வு விதியை நீங்கள் படித்திருப்பீர்கள், அல்லது விரைவில் படிப்பீர்கள். ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வேறுபாடு பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறதோ, அந்தப் பாதி மீண்டும் பாதியாகவும் அதே நேரம் ஆகும்.

சோறு 95 டிகிரி, அடுப்பங்கரை 30 டிகிரி என்று கொள்வோம். வேறுபாடு 65. மூடிய குண்டானில் வேறுபாடு பாதியாக ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், ஒன்பது மணிச் சோறு பத்து மணிக்கு 62 டிகிரி, பதினொன்றுக்கு 46, நள்ளிரவில் 38, ஒரு மணிக்கு 34. அதன்பின் விடியும் வரை 30-ஐ நெருங்கி நெருங்கிப் போகும். அதைத் தாண்டிக் கீழே ஒருபோதும் இறங்காது. பேசில்லஸ் சீரியஸுக்கு இதைவிட நல்ல இரவு வாய்க்காது!

அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி ஒன்று, சமைத்ததை 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்திலும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்திலும் கொண்டுவரச் சொல்கிறது. சென்னைப் புறநகரின் மே மாத அடுப்பங்கரையில் 21 டிகிரி என்பது எங்கே இருக்கிறது? நம் வீட்டுக் காற்றே ஆபத்து எல்லைக்குள் இருக்கிறது. 'ஆறவிடுவது' வேறு, 'குளிர வைப்பது' வேறு என்பதை நம் ஊரில் கட்டாயம் பிரித்தறிய வேண்டும்.

அடுத்தது ஆழம். சோற்றுக் குவியலின் நடுவிலுள்ள வெப்பம் கடத்தல் முறையில்தான் வெளியே வர வேண்டும். நீரைப் போல அங்கே சுழற்சி இல்லை. இப்படிக் கடத்தலால் ஆறுவதற்கான நேரம், தடிமனின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இருபுறமும் ஆறும் 8 செ.மீ. தடிமனுள்ள குவியலுக்கு இந்த நேரம் ஏறத்தாழ 3 மணி, 2 செ.மீ. தடிமனுக்குப் பன்னிரண்டே நிமிடம். தடிமன் கால் பங்கு, நேரம் பதினாறில் ஒரு பங்கு! மேற்பரப்பிலிருந்து வெப்பத்தைக் காற்று வாங்கிச் செல்வதிலும் தாமதம் உண்டு என்பதால், நடைமுறையில் பதினாறு மடங்கு முழுதாகக் கிடைக்காது. நான்கு மடங்குக்கும் பதினாறு மடங்குக்கும் இடையே எங்கோ நிற்கும். நான்கு மடங்கு கிடைத்தாலே நமக்குப் போதும்.

மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிலோ சோற்றை 90 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குக் கொண்டுவர 210 கிலோஜூல் அளவு வெப்பம் வெளியேற வேண்டும். நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை எடுத்துச் செல்வதால், 90 கிராம் நீர் ஆவியானாலே அவ்வளவும் போய்விடும். மூடி போட்டால் அந்த ஆவி மூடியில் மோதி நீராகி, வாங்கிய வெப்பத்தை அங்கேயே விட்டுவிட்டுச் சோற்றின்மேல் சொட்டுகிறது. சூடும் போகவில்லை, ஈரமும் கூடிற்று. திருமண வீடுகளில் சோற்றைப் பாயில் கொட்டிப் பரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஆழத்தையும் மூடியையும் ஒரே அடியில் ஒழித்துவிடுகிறார்கள்.

ஆகவே அண்டை வீட்டில் நாங்கள் செய்த மாற்றம் எளியது. வடித்த சோற்றை இரண்டு அகலத் தட்டுகளில் இரண்டு செ.மீ. உயரத்துக்குப் பரப்பினோம். தட்டுகளைக் குளிர்ந்த நீர் நிறைந்த தாம்பாளத்தில் வைத்தோம். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. குழந்தைக்குப் பால் ஆற்றும்போது நம் வீடுகளில் செய்வதுதான் இது. அரை மணிக்குள் சோறு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தது. உடனே அகலமான டப்பாக்களில், அதே இரண்டு செ.மீ. ஆழத்தில், குளிர்சாதனப் பெட்டிக்குள் போயிற்று. இப்போது நியூட்டன் விதியில் சுற்றுப்புறம் 30 அல்ல, 4 டிகிரி. மாவுச்சத்து நன்றாகப் படிகமாவதும் அந்தக் குளிரில்தான். நுண்ணுயிர் முடங்குவதும் அந்தக் குளிரில்தான். ஒரு கடிகாரம் ஓட, மற்றது நின்றுவிடுகிறது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இரவில் சோறு வடிக்க வேண்டாம். காய் நறுக்குவதையும், கொண்டைக்கடலை ஊறவைப்பதையும் இரவில் முடித்துக்கொண்டு, அரிசியை விடியற்காலையில் உலையில் இடுவதே சரி. எதிர்ப்பு மாவுச்சத்து போனால் போகட்டும். ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்துக்கொண்டால் அதைவிடப் பெரிய நன்மை என்று மேலே பார்த்தோமே. அந்த இடத்தைச் சுண்டலும் கீரையும் அவரைப் பொரியலும் நிரப்பட்டும். குளுக்கோஸை 100 என்று வைத்தால் கொண்டைக்கடலையின் சர்க்கரை உயர்வுக் குறியீடு 30-ஐ ஒட்டியது. வெள்ளைச் சோறு பெரும்பாலும் 70-ஐ ஒட்டி நிற்கிறது. கேழ்வரகு, கம்பு என்றால் எவ்வளவும் உண்ணலாம் என்ற எண்ணமும் தவறு. நைசாக அரைத்த மாவில் மேற்பரப்பு பெருகிவிடுவதால் நொதிகள் விரைந்து வேலை செய்கின்றன.

டப்பாவுக்கு ஒரு தேர்வு

வேலை இத்துடன் முடியவில்லை. காலை ஆறு மணிக்குப் புறப்பட்ட டப்பா பன்னிரண்டரைக்குத்தான் திறக்கப்படுகிறது. ஆறரை மணி நேரம்! சூடாக்கிய சோற்றைச் சாதாரண எவர்சில்வர் டப்பாவில் வைத்தால், இரவில் தப்பித்த ஆபத்து பகலில் திரும்பிவிடும். இரண்டு வழிகள் உண்டு. முழுவதும் ஆவி பறக்கச் சூடாக்கி, வெப்பக்காப்பு டப்பாவில் 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருப்பது ஒன்று. தயிர்சாதமாகப் பிசைந்து, உறையவைத்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலுடன் தடித்த பையில் குளிராகவே அனுப்புவது மற்றொன்று. அரைக் கிலோ பனிக்கட்டி உருகும்போது 167 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். உருகிய நீர் குடிக்கவும் ஆகும்.

முதல் வழிக்கு டப்பா தகுதியானதா என்று எப்படி அறிவது? கடைக்காரர் சொல்வதை விட்டுவிடுங்கள். அந்தப் பெண் இரண்டு டப்பாக்களைத் தேர்வுக்கு உட்கார வைத்தாள். காலை ஆறு மணிக்கு இரண்டிலும் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டினாள். டப்பாவின் சுவர் முதலில் சூடேறட்டும் என்பதற்காக. பிறகு புதிய கொதிநீரைக் கழுத்து வரை நிரப்பி மூடினாள். பன்னிரண்டரைக்கு வெப்பமானி வைத்துப் பார்த்தபோது ஒன்றில் 51 டிகிரி, மற்றதில் 66. நீங்களும் செய்து பாருங்கள். பாதரச வெப்பமானி வேண்டாம். உடைந்தால் உணவுப் பாத்திரம் நஞ்சாகிவிடும். ஆல்கஹால் வெப்பமானியோ, சமையலுக்கான மின்னணு வெப்பமானியோ போதும்.

51 காட்டிய டப்பாவில் இப்போது அவள் கொண்டைக்கடலை ஊறவைக்கிறாள். 66 காட்டியதும் கொஞ்சம் இழுபறிதான். சோற்றின் தன்வெப்பம் நீரைவிடக் குறைவு; அதனால் சோறு இன்னும் சற்று விரைவாக ஆறும். எனவே அதை விளிம்பு வரை நிரப்பித்தான் தந்தைக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். அவருடைய சட்டைப் பையில் ஒரு சிறு பொட்டலம் குளுக்கோஸும் இருக்கிறது.

அதே டப்பாவைப் பாதி மட்டும் நிரப்பியிருந்தால் வெப்பமானி என்ன காட்டியிருக்கும், ஏன்? அளந்து பார்த்து, காரணத்தோடு எழுதுங்கள்.